பதினேழாம் பக்கத்துப் புலி

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா இருந்தார் என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. என்ன செய்ய, நான் சொல்லப்போகிற மூங்கில்பள்ளக் காட்டில் சிங்கம் கிடையாது. புலிதான். அதுவும் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துப் புலி. சிங்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் எழுந்து போய் வேறு கதை கேட்டுக்கொள்ளலாம், எனக்குக் கோபமில்லை.

போகிறவர்கள் போயாயிற்றா? சரி. அந்தக் காட்டில் புள்ளியம்மாள் என்று ஒரு புள்ளிமான் இருந்தாள். சிறுவர் நூல் வெளியீட்டுக் கழகத்தில் எழுத்தாளர் வேலை. காட்டில் வாழ்ந்து மறைந்த பெரியவர்களின் வாழ்க்கையைக் குட்டிகளுக்குப் புரிகிற மாதிரி, பக்கம் நிறையப் படம், அடியில் இரண்டே வரி என்று எழுதித் தரவேண்டும். 'எறும்பு ஏகாம்பரம்: சர்க்கரைக்கு வழி கண்டவர்', 'தூக்கணாங்குருவி பொன்னாச்சி: புயலிலும் கூடு கட்டியவர்', 'ஓணான் ஓமலிங்கம்: தலையாட்ட மறுத்தவர்' எல்லாம் அவள் எழுதியவை. உண்மையில் அந்த ஓமலிங்கம் வாழ்நாள் முழுக்கத் தலையாட்டிக்கொண்டே இருந்த ஆள். கழுத்துச் சுளுக்கிய ஒரு வாரம் மட்டும் ஆட்டவில்லை. அந்த ஒரு வாரத்தைப் பிடித்துக்கொண்டு புள்ளியம்மாள் முப்பத்திரண்டு பக்கத்தை ஒப்பேற்றிவிட்டாள். அத்தனை கெட்டிக்காரி.

இந்த மாதிரிக் கதையில் அதிகாரி நாற்காலி என்று ஒன்று வந்தால் அதில் நரி உட்கார்ந்திருக்கும். இந்தக் காட்டு நரி ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறது, அதைத் தொந்தரவு செய்யவேண்டாம். கழகத் தலைவர் நாற்காலியில் இப்போது இருப்பவர் உடும்பு உத்தண்டியார். உட்கார்ந்த நாளிலிருந்து நாற்காலியை நாலு காலாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். நாற்காலியைத் துடைக்க வருகிறவர்கள் அவரையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போவார்கள்.

புத்தகம் எப்படி இருக்கவேண்டும் என்று உத்தண்டியார் விதி வகுத்திருந்தார். ஐந்தாம் பக்கத்தில் பெரியவர் ஏழையாக இருக்கவேண்டும். பதினோராம் பக்கத்தில் யாராவது அவரைக் கேலி செய்யவேண்டும். பதினேழாம் பக்கத்தில் அவர் எளியவர் ஒருவருக்கு இரங்கவேண்டும். முப்பத்திரண்டாம் பக்கத்தில் சாகக்கூடாது, மலைக்குப் பின்னால் சூரியன் மட்டும் இறங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை யாரும் யாரையும் தின்னக்கூடாது. "குழந்தைங்க படிக்கிறதும்மா, பயந்துக்கும்" என்பார். பெரியவர் எலியானாலும் யானையானாலும் இதே அச்சுதான்.

ஒரு நாள் காலையில் உத்தண்டியார் புள்ளியம்மாளைக் கூப்பிட்டு விட்டார்.

"உக்காரும்மா. நம்ம அரசர் உறுமிநாதரோட அப்பா, பெரிய அரசர் வெடிவாயர், காலமாகிப் பத்து வருஷம் ஆகப்போகுது. அவரைப் பத்தி ஒரு படப் புத்தகம் வேணும்னு அரசர் உத்தரவு. எழுதப்போறது நீ."

புள்ளியம்மாள் தொண்டையைச் செருமினாள். "வெடிவாயரையா? யாரும் யாரையும் தின்னாம முப்பத்திரண்டு பக்கமா? ஐயா, அந்த மனுஷன் வேற என்ன செஞ்சார்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானேம்மா நீ இருக்கே. இன்னொரு சந்தோஷ சமாச்சாரமும் இருக்கு. முதல் பிரதியை வாங்கிக்க உன் பொண்ணு துள்ளியை அரசரே தேர்ந்தெடுத்திருக்கார். யோகம்மா, யோகம்!"

இந்த இடத்தில் அந்தக் காட்டு வழக்கத்தை உங்களுக்குச் சொல்லியாகவேண்டும். புத்தக வெளியீட்டு விழா என்றால் ஒருவர் வெளியிடுவார், இன்னொருவர் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வார், உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கேயும் அப்படியே. வெளியிடுகிறவர் எப்போதும் அரசர். பெறுவது ஒரு குட்டி. கைதட்டல் முடிந்ததும் அரசர் அந்தக் குட்டியின் பிடரியை வாயால் மெல்லக் கவ்விக்கொண்டு மேடைக்குப் பின்னாலிருக்கிற பாறை மறைவுக்குப் போவார். "முதல் பிரதி பெற்றவரோடு அரசர் தனியே அளவளாவுகிறார்" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அளவளாவி முடித்து அரசர் மட்டும் திரும்பி வருவார். ஏகாம்பரம் புத்தகத்துக்கு ஒரு முயல்குட்டி போயிற்று, பொன்னாச்சி புத்தகத்துக்கு ஒரு காட்டாட்டுக் குட்டி போயிற்று. முதல் பிரதிகள் எல்லாம் கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன, ஓரம் மட்டும் கொஞ்சம் ஈரம்.

துள்ளி புள்ளியம்மாளுடைய ஒரே பிள்ளை. பிறந்து ஆறு மாசம், பேச்சு மட்டும் அறுபது வயசுக்கு. அந்தப் பிள்ளையை அந்தப் பாறைக்குப் பின்னால் அனுப்பவா இவ்வளவு நாள் தலையாட்டிகளையெல்லாம் மாவீரர்களாக்கினேன் என்று தன் பேனாவையே திட்டினாள். காட்டை விட்டு ஓடிவிடலாமா என்றால் ஒரு பக்கம் முதலை ஆறு, மறுபக்கம் செந்நாய்க் கூட்டம். ஓடுவதும் அளவளாவுவதும் ஒன்றுதான்.

விலக்கு கேட்டுப் பார்க்கலாம் என்று மனுக் கொடுக்கும் வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் பதினாலு முள்ளம்பன்றிகள். முள்ளம்பன்றிக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும் அந்தச் சுகம், யாரும் முண்டியடிக்கவே மாட்டார்கள். உச்சி வெயிலில் ஒருவழியாக ஜன்னலுக்கு வந்து சேர்ந்தால், உள்ளே இருந்த ஆமை எழுத்தர் கழுத்தை நிதானமாக வெளியே நீட்டியது.

"முதல் பிரதி வாங்கறதிலேருந்து விலக்கா? இருக்கே, படிவம் இருக்கே. ஆனா அதை முதல் பிரதி வாங்கினவங்கதான் குடுக்கணும். வாங்கின மறுநாள், நேர்ல வந்து."

"மறுநாள் வரைக்கும் உசுரோட இருந்தா ஏன்யா விலக்குக் கேக்கப்போறாங்க?"

"அதனாலதாம்மா இதுவரைக்கும் ஒரு படிவம்கூட நிலுவையில இல்ல" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. சாப்பாட்டு நேரமாம்.

புள்ளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு வீடு வந்தாள். மிச்சம் இருந்தது ஒரே வழி. அரசர் படித்ததும் கண் கலங்குகிற மாதிரி, மனசு இளகி "போம்மா குட்டி, அம்மாகிட்ட போ" என்று சொல்கிற மாதிரி ஒரு புத்தகம் எழுதுவது. புலி மனசு புத்தகத்துக்கு இளகாது என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது, பெற்றவளாயிற்றே, உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

ஏழையாக இருந்த பக்கம் சுலபமாக முடிந்தது. வெடிவாயர் குட்டியாக இருந்தபோது ஒரு சட்டைகூட இல்லாமல் வளர்ந்தார் என்று எழுதினாள். பொய்யில்லையே! கேலி செய்த பக்கத்துக்கு, பல் முளைக்க லேட்டானதால் மற்றக் குட்டிகள் சிரித்தன என்று போட்டாள். சிரித்த குட்டிகள் பிற்பாடு என்ன ஆயின என்பதை விட்டுவிட்டாள். எல்லாம் போய்ப் பதினேழாம் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. வெடிவாயர் யாருக்கு இரங்கினார்?

விசாரிக்கலாம் என்றால் வெடிவாயரைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை. கிட்டத்தில் பார்ப்பதுதான் அவர்கள் செய்த கடைசிக் காரியம். கடைசியில் ஒரே ஒருவர் அகப்பட்டார், பிணந்தின்னிக் கழுகு சொட்டைமுத்து.

"ஆஹா, வெடிவாயரா!" என்று சொட்டைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன மனசும்மா அவருக்கு! தொடையை மட்டும் சாப்பிட்டுட்டு மிச்சத்தை அப்படியே விட்டுட்டுப் போவாரு. எங்க குடும்பத்துல ஏழு பிள்ளைங்களும் அவரு போட்ட சாப்பாட்டுலதான் ஆளாச்சு. இப்ப இருக்கிறவரு எலும்பைக்கூட விட மாட்டேங்கறாரு."

புள்ளியம்மாள் அதைக் குறித்துக்கொண்டுபோய் 'பகிர்ந்துண்ணும் பண்பு' என்று எழுதிப் பார்த்தாள். உத்தண்டியார் சிவப்பு மையால் ஒரே அடியாக அடித்துவிட்டார். "என்னத்தைப் பகிர்ந்தார்னு ஒரு குட்டி கேட்டா என்னம்மா சொல்லுவே?"

அப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. வந்தது என்ன, அது எங்கேயும் போனதே கிடையாது.

புள்ளியம்மாளுக்கு ஒரு தம்பி இருந்தான். அவள் ஒரு வயசுக் குட்டியாக இருந்தபோது, நல்ல மத்தியானத்தில், ஓடைக்கரையில் வெடிவாயர் வந்தார். தம்பியைப் பிடரியில் கவ்வினார். தம்பி கத்தவில்லை, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்துக்கொண்டே போனான். புலி நடந்து ஒரு புதர் வரைக்கும் போயிற்று. அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். அன்றையிலிருந்து மனசுக்குள் அந்தப் புதருக்கு அப்பால் என்ன நடந்திருக்கலாம் என்று ஆயிரம் தடவை நடத்திப் பார்த்திருக்கிறாள். ஆயிரம் தடவையும் புலி சுற்றி வந்து, தம்பியை அம்மா காலடியில் இறக்கிவிட்டுப் போகும்.

பேனாவை எடுத்தவள் நிறுத்தாமல் எழுதினாள். "ஒரு நாள் ஒரு மான்குட்டி வழி தவறிவிட்டது. வெடிவாயர் அதை மெல்லக் கவ்வி எடுத்தார். காடெல்லாம் நடந்தார். அதன் அம்மாவின் காலடியில் இறக்கிவிட்டார்." எழுதி முடித்து ஓவென்று அழுதாள். அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, பிழை திருத்தினாள்.

உத்தண்டியார் படித்துவிட்டு நாற்காலியோடு ஒரு குதி குதித்தார். "பிரமாதம்! இது நடந்ததா?"

"பாதி நடந்ததுங்க."

"பாதியா! நம்ம கழகப் புத்தகத்துல பாதி நடந்ததே இதுதாம்மா முதல் தடவை!"

படம் போட தேவாங்கு விழியப்பன் வந்தான். அவன் கண் அவன் முகத்தில் பாதி. உலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன். பல் வரைய அவனுக்கு வராது. ஆகவே வெடிவாயர் இரண்டு பெரிய கண்ணோடு, பல்லில்லாத வாயில், தலையணையைக் கவ்வியிருக்கிற மாதிரி மான்குட்டியைக் கவ்விக்கொண்டு நின்றார். மான்குட்டி சிரித்தது. அடுத்த மூலையில் புலி அதன் தலையை நக்கிக் கொடுத்தது. பின்னால் வானவில் வேறு.

அச்சுக்குப் போகுமுன் இன்னொரு விதி பாக்கி இருந்தது. ஒரு குழந்தைக்கு வாசித்துக் காட்டி, 'புரிந்தது' என்று அதன் கால் பதிவை வாங்கவேண்டும். வெடிவாயர் பெயரைக் கேட்டதும் காட்டிலிருக்கிற அத்தனை பெற்றோரும் தங்கள் குட்டிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். காய்ச்சல் வராத ஒரே குழந்தை அரசரின் மகள், இளவரசி மீசையழகி. நாலு வயசுப் பிடிவாதத்தை நாலு மாசத்திலேயே கற்றுக்கொண்ட புலிக்குட்டி.

புள்ளியம்மாள் குகை வாசலில், எழுந்து ஓட வசதியாக ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு, வாசிக்க ஆரம்பித்தாள். மீசையழகி பதினாறு பக்கம் வரைக்கும் கொட்டாவி விட்டாள். பதினேழாம் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மறுபடியும் படி."

படித்தாள்.

"மறுபடியும்."

பதினோரு தடவை படித்தாள். எந்த ஜாதிக் குட்டியானாலும் இந்த விஷயத்தில் ஒன்றுதான், உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். புள்ளியம்மாளுக்கு நாக்கு வறண்டு போயிற்று.

"எங்க தாத்தா ஏன் அதைக் கடிக்கல?" என்றாள் மீசையழகி.

புள்ளியம்மாள் இன்னொரு காலையும் வெளியே வைத்தாள். "அது... அவர் ரொம்பப் பெரியவர்ம்மா. பெரியவங்க கடிக்க மாட்டாங்க."

"எங்க அப்பாவும் பெரியவர்தானே?"

"ஆமாம் கண்ணு."

"அப்போ அவரும் கடிக்க மாட்டாரா?"

இதற்கு என்ன பதில் சொல்லச் சொல்கிறீர்கள்? குகைக்குள்ளே அந்த அப்பா பல் குத்திக்கொண்டிருக்கிற சத்தம் கேட்கிறது. "நீதான் தங்கம் பாத்துச் சொல்லணும்" என்று சொல்லிக் கால் பதிவை வாங்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக வந்துவிட்டாள். அரசர் கையெழுத்தும் அன்றைக்கே வந்துவிட்டது. அவர் அட்டையை மட்டும்தான் பார்த்தார். அரசர்கள் அட்டைதான் பார்ப்பார்கள்.

விழா நாளும் வந்தது. பட்டப்பகலில் காடு முழுக்கத் தோரணம். உத்தண்டியாரை நாற்காலியோடு தூக்கிவந்து மேடையில் வைத்தார்கள். காட்டுப்பன்றி வரவேற்புரை ஆற்றியது, இரண்டு நிமிடம் என்று ஆரம்பித்து ஒன்றேமுக்கால் மணி நேரம். பிறகு வாழ்த்துரை, பாராட்டுரை, வாழ்த்தியவர்களுக்குப் பாராட்டு, பாராட்டியவர்களுக்குப் பொன்னாடை. மற்ற விழாவில் இதையெல்லாம் புள்ளியம்மாள் சபித்துக்கொண்டே கேட்பாள். இன்றைக்கு, இன்னும் கொஞ்சம் பேசேன், உனக்குப் புண்ணியமாப் போகும், நாள் பூராப் பேசேன் என்று ஒவ்வொரு பேச்சாளரையும் பார்த்து வேண்டிக்கொண்டிருந்தாள். பேசத் தேவையில்லாதபோது பேசுகிற பிராணிகள் தேவைப்பட்டபோது டக்கென்று முடித்துவிட்டன. அக்கிரமம்!

துள்ளி தலையில் பூ வைத்துக்கொண்டு மேடை ஏறினாள். அரசர் உறுமிநாதர் புத்தகத்தை நீட்டினார். துள்ளி அதை வாங்கிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசை மான்கள் மட்டும் குனிந்து தரையைப் பார்த்தன.

அரசர் குனிந்தார். துள்ளியின் பிடரியைக் கவ்வினார். துள்ளி கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு அம்மாவைத் தேடினாள்.

புள்ளியம்மாள் எழுந்து நின்றாள். இந்தத் தடவை கண்ணை மூடமாட்டேன், என்ன ஆனாலும் மூடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அரசர் பாறைப் பக்கம் ஒரு அடி வைத்தார். இரண்டாவது அடி வைத்தார்.

அப்போது ஒரு குட்டி முன்வரிசையிலிருந்து மேடைக்கு ஒரே தாவாகத் தாவி, காட்டுப்பன்றியைத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்தது. மீசையழகிதான்!

"எல்லாரும் பாருங்க, எல்லாரும் பாருங்க! எங்க அப்பா பதினேழாம் பக்கம் செய்யறாரு!"

கூட்டம் முழிமுழியென்று முழித்தது.

"தாத்தா மாதிரியே! வாயில தூக்கிக்கிட்டாரு பாத்தீங்களா? இப்ப அம்மாகிட்ட கொண்டுபோய் விடப்போறாரு! கைதட்டுங்க!"

முதலில் ஒரு குரங்கு தட்டியது. பிறகு அணில்கள், யானைகள், அப்புறம் பின்வரிசை மான்கள். மான்கள் தட்டிய தட்டலில் குளம்பு உடைந்திருக்கும், அப்படித் தட்டின. அரசர் வாயில் குட்டியோடு அப்படியே நின்றார். பேசவேண்டுமென்றால் வாயைத் திறக்கவேண்டும், வாயைத் திறந்தால் குட்டி விழுந்துவிடும். என்ன செய்வார் பாவம்? மெல்லப் பாறைப் பக்கம் இன்னொரு காலை நகர்த்தினார்.

"அப்பா, அந்தப் பக்கம் இல்லப்பா!" என்று ஒலிபெருக்கியில் மகள் குரல் காடே அதிர வந்தது. "அவங்க அம்மா இந்தப் பக்கம் நிக்கறாங்க! நீங்க புத்தகத்தைச் சரியாப் படிக்கலையா?"

அரசர் மகளைப் பார்த்தார். மகள் இரண்டு கண்ணும் பளபளக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த நாளிலிருந்து அவரைப் பார்த்துப் பயந்த கண்களைத்தான் பார்த்திருக்கிறார். என் அப்பா மாதிரி உண்டா என்று பார்க்கிற கண்ணை அன்றைக்குத்தான் பார்த்தார். புலியானாலும் பெண்ணைப் பெற்றவர்தானே. மேடையிலிருந்து இறங்கினார். ஜொள்ளு ஒழுகச் சபை நடுவே நடந்து வந்தார். புள்ளியம்மாள் காலடியில் துள்ளியை இறக்கி வைத்தார்.

"நக்கிக் குடுக்கணும்ப்பா! படத்துல இருக்கு!"

அரசர் நக்கினார். சாப்பாட்டை நக்கிவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது எவ்வளவு கொடுமை என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மகள் "இன்னொரு தரம்" என்றாள். இன்னொரு தரமும் நக்கினார்.

புள்ளியம்மாள் குட்டியை முன்னங்காலுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பாதி துள்ளிக்காக, பாதி தம்பிக்காக. ஆயிரம் தடவை மனசுக்குள் நடத்திப் பார்த்தது ஒரு தடவை கண் முன்னால் நடந்துவிட்டது. அடி சக்கை! அந்தப் பொய்யை எழுதிய குளம்பை அவளே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்றையிலிருந்து உறுமிநாதர் பாடு பெரும்பாடாகப் போயிற்று. வேட்டைக்குக் கிளம்பினால் மகள் புத்தகத்தைக் கவ்விக்கொண்டு கூடவே வந்துவிடுவாள். எதையாவது பாய்ந்து பிடித்தால், "ஐயோ, வழி தவறிடுச்சாப்பா? யார் வீட்டுப் பிள்ளை?" என்பாள். கவ்விய வாயை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல், முயல் வீட்டுக்கும் ஆட்டு வீட்டுக்கும் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதே அரசருக்கு முழுநேர வேலையாகிவிட்டது. ஓடையில் நண்டு பிடித்துத் தின்று காலம் தள்ளினார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு என்று உத்தண்டியாருக்கு ரகசியமாக ஆள் அனுப்பினார். "கிழிச்சிடலாம், அரசே. பதினெட்டுக்கு முன்னாடி என்னப்பா வரும்னு இளவரசி கேட்டா நீங்களே பதில் சொல்லிடுங்க" என்று பதில் வந்தது. அரசர் நண்டுக்கே திரும்பிப் போனார்.

இத்தோடு கதை முடிந்தது, சுபம் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். துள்ளி விடவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் புல் மேய்ந்துகொண்டே துள்ளி சொன்னாள். "அம்மா, அரசர் எவ்வளவு நல்லவர்! வாயிலயே தூக்கிக்கிட்டு வந்தாரு. மெத்து மெத்துன்னு இருந்துது. நாளைக்கு நானே வழி தவறிப் போகப்போறேன். எங்க வகுப்புல எல்லாருமே போறோம்."

புள்ளியம்மாள் மேய்வதை நிறுத்தினாள். "எல்லாருமா?"

"ஆமாம்மா. பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வந்திருக்கு. ஆளுக்கு ஒண்ணு."

மீசையழகிக்கு என்றைக்காவது ஒரு நாள் காய்ச்சல் வரும், வேட்டைக்குக் கூட வரமாட்டாள். அன்றைக்கு மான்குட்டிகள் வரிசையில் போய் நின்றால்? புள்ளியம்மாள் பிள்ளையை உட்காரவைத்தாள். ஓடைக்கரை, மத்தியானம், தம்பி, புதர் என்று ஒன்று விடாமல் சொன்னாள். புதருக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் சொன்னாள், முதல் முதலாக, வாய்விட்டு.

துள்ளி தன் புத்தகத்தை எடுத்துப் பதினேழாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்போ புத்தகம் பொய்யா?"

"பொய்தான்டி."

"நீதானே எழுதினே?"

"நான்தான் எழுதினேன்."

"பொய் எழுதலாமா?"

"புலிக்கு எழுதலாம்" என்றாள் புள்ளியம்மாள். "உனக்கு எழுதினது தப்பு. அரசருக்குன்னு எழுதினது உன் கைக்கு வந்துடுச்சு. குடு அதை."

விழியப்பனைப் பார்த்துவிட்டு அன்று மாலையே கழகத்துக்குப் போனாள். கதவைத் தட்டக்கூட இல்லை. "ஐயா, இந்தப் புத்தகம் மான் பள்ளிக்கு, முயல் பள்ளிக்கு, ஆட்டுப் பள்ளிக்கு ஒரு பிரதிகூடப் போகக்கூடாது. போனதை எல்லாம் திருப்பி வாங்குங்க."

"ஐயாயிரம் பிரதி அடிச்சிருக்கோம்மா! அதை யாருக்குக் குடுக்கறது?"

"புலிக்கு. சிறுத்தைக்கு. செந்நாய்க்கு. ஓநாய் இருந்தா அதுக்கும். குட்டிக்கு நூறு நூறாக் குடுங்க. குகைச் சுவத்துல ஒட்டுங்க. பால் குடிக்கிற குட்டிக்குக் காதுல படிங்க."

"அப்போ மான்குட்டிங்க படிக்க?"

"அதுக்குத் தனியா எழுதிட்டேன்" என்று ஒரு தாளை மேஜையில் வைத்தாள்.

உத்தண்டியார் எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு பக்கம். அதில் ஏழ்மை இல்லை, கேலி இல்லை, சூரியனும் இல்லை. விழியப்பனைப் பக்கத்திலேயே உட்காரவைத்து, கோணலும் மாணலுமாக ஆனாலும் பரவாயில்லை என்று, அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பல் வரைய வைத்திருந்தாள். புலி வாயில் முப்பது பல். கீழே ஒரே ஒரு வார்த்தை: ஓடு.

"குழந்தைங்க பயந்துக்குமேம்மா" என்றார் உத்தண்டியார்.

"பயப்படட்டும்" என்றாள் புள்ளியம்மாள்.

அந்த ஒற்றைப் பக்கத்தை ஓடைக்கரையில் துள்ளிதான் முதலில் படித்தாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க அம்மா திரும்பினாள். பிள்ளை அதற்குள் எதிர்க்கரையில் நின்றுகொண்டு, மூச்சு வாங்க, "நல்லா இருக்கும்மா" என்று கத்தினாள்.

நீதி: பெரியவர்களின் வரலாற்றைத் திரித்து எழுதுவது மகா பாவம். எழுதியே ஆகவேண்டுமென்றால் வண்ணப் படம் போட்டு, கெட்டி அட்டையில், தின்கிறவர் வீட்டுக் குழந்தைக்கு மட்டும் எழுதவும்; தின்னப்படுகிறவர் வீட்டுக் குழந்தைக்கு உண்மையே போதும், அதற்கு ஒரு பக்கம் தாராளம்.